விலை ஏறினால் பெயர் மாறிய வெங்காயம்: ஒரு தராசு பில்லின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்குத் தமிழ்நாட்டில் ஒரு சிறு நிறுவனம். காய்கறிக் கடைகளுக்கு பில் அடித்துத் தரும் மின்னணுத் தராசு செய்கிறார்கள். தட்டில் காயை வைத்துப் பொருள் எண்ணை அழுத்தினால் பெயர், எடை, கிலோ விலை, தொகை எல்லாம் 58 மில்லிமீட்டர் பேப்பரில் அச்சாகி வரும். எடை பார்க்கும் போர்டு தனி. எடையளவு முத்திரை அதற்குத்தான். பில் போடும் போர்டு தனி. அதில் ஒரு ஏஆர்எம் சில்லு, சி மொழியில் எழுதிய ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல். இங்கே சொல்லப்போவது முழுக்க இந்த இரண்டாவது போர்டின் கதை.

ஃபர்ம்வேரை எழுதியவர் அங்கே ஆரம்பத்திலிருந்து இருப்பவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். அவருக்குக் கீழே சேர்ந்து ஓராண்டு ஆன ஒரு பொறியாளர். கடைக்காரர்களின் போனை எடுக்க சேவைப் பிரிவில் ஒரு தம்பி. நான் வெளியாள், வாரத்துக்கு ஒரு நாள் போய் நிரலைப் பார்த்துச் சொல்லும் வேலை.

ஒவ்வொரு பொருளுக்கும், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் 32 பைட் பதிவு. முதல் 24 பைட் பெயர். அதை ஒட்டி 4 பைட்டில் விலை, பைசாவில். அப்புறம் 2 பைட் பொருள் எண், 1 பைட் அலகு, 1 பைட் கொடிகள் (ஆம், இல்லை என்று குறித்து வைக்கும் பிட்டுகள்). 4096 பைட் கொண்ட ஃபிளாஷ் பிரிவு ஒன்றில் 128 பதிவு கச்சிதமாக உட்காரும். அண்ணன் இதை ஆங்கிலப் பெயர்களுக்காகப் போட்டார். 24 எழுத்தில் எந்தக் காயின் ஆங்கிலப் பெயரும் அடங்கிவிடும். அந்தக் காலத்துக்கு நல்ல வடிவமைப்பு என்றே இன்றும் சொல்வேன்.

பிறகு கடைக்காரர்கள் தமிழ் கேட்டார்கள். கணினியில் எக்செல் தாளில் பெயர்களைத் தட்டி, யுஎஸ்பி வழியாகத் தராசுக்கு அனுப்பும் மென்பொருள் வந்தது. பெயர்கள் யூடிஎஃப்-8 குறிமுறையில், அதாவது எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் பொது முறையில், வந்து இறங்கின. எழுத்துகளைப் படமாக வரைந்து அச்சுப்பொறிக்கு அனுப்பும் பகுதியையும் எழுதினார்கள். பதிவின் அளவை மட்டும் யாரும் தொடவில்லை. சோதனையில் தக்காளி வந்தது, கேரட் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். தக்காளி 21 பைட், கேரட் 15 பைட் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

முதல் புகார்

ஒரு கடைக்காரர் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தார். "தம்பி, போன வாரம் 'பெரிய வெஸ'ன்னு வந்துச்சு. இன்னைக்கு 'பெரிய வெஈ'ன்னு வருது. வாங்குறவங்க பில்லக் காட்டி இது என்ன காய்னு கேக்குறாங்க."

அவர் தட்டியது 'பெரிய வெங்காயம்'. தம்பி அதை 'எழுத்துப் பிழை' என்று குறித்துவிட்டு, எக்செல் தாளைத் திரும்ப அனுப்பச் சொன்னார். கடைக்காரரும் அனுப்பினார். ஒன்றும் மாறவில்லை. இரண்டு நாளில் இன்னொரு கடையிலிருந்து சின்ன வெங்காயத்துக்கு அதே புகார். மூன்றாவது கடையில் பச்சை மிளகாய் வரியில் பெயர் பாதியில் உடைந்து, எடையும் தொகையும் அடுத்த வரிக்குப் போயிருந்தன.

அண்ணன் எழுத்து வரையும் பகுதியைச் சந்தேகப்பட்டார். எழுத்துப் பட அட்டவணையில் 'ங' எங்கோ தவறாக இருக்கிறது என்று முடிவு கட்டி ஒரு வாரம் அதில் போனது. 'ங' சரியாகத்தான் இருந்தது. அந்த வாரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தவறான எழுத்து தெரிந்தால் எழுத்துருவைப் பார்ப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

கவனித்தவை

அந்தப் பொறியாளர் வேறு வழியில் போனார். மூன்று கடைகளிலிருந்தும் பழைய பில்களை வாங்கி, பெரிய வெங்காய வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதினார். கிலோ 30 ரூபாயாக இருந்த நாளெல்லாம் கடைசி எழுத்து 'ஸ'. 45 ரூபாய்க்கு 'ஔ'. 50 ரூபாய்க்கு 'ஈ'. 40 ரூபாய்க்கு வெறும் கட்டம். கடை எதுவானாலும் இது மாறவில்லை. நான் போன அன்று நோட்டை என் முன்னே வைத்து, "சார், விலை ஏறினா பேரு மாறுது" என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு பிழையை யாரும் எனக்கு விவரித்ததில்லை.

சரி, காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'வெ' என்பது நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு 'வ' ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று, ஆக ஆறு பைட். 'பெரிய' 15 பைட், இடைவெளி 1, 'வெ' 6. மொத்தம் 22. மிச்சம் இரண்டு பைட்டுக்குத்தான் இடம். அதில் 'ங'வின் முதல் இரண்டு பைட்டான 224, 174 உட்கார்ந்தன. மூன்றாவதான 153க்கு இடமில்லை.

அடுத்த பைட் எது? விலையின் முதல் பைட். இந்தச் சில்லில் சிறிய பைட் முன்னால் வரும். 30 ரூபாய் என்பது 3000 பைசா. 3000 என்பது 11 தடவை 256, மீதி 184. ஆக விலை 184, 11, 0, 0 என்று நினைவகத்தில் கிடக்கிறது. 224, 174, 184 மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'ஸ'. 50 ரூபாய் என்றால் 5000 பைசா, மீதி 136. 224, 174, 136 என்பது 'ஈ'. 45க்கு மீதி 148, அது 'ஔ'. 40க்கு மீதி 160. தமிழ்ப் பகுதியில் அந்த இடத்துக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை, அதனால் கட்டம். விலையின் முதல் பைட் வெங்காயத்தின் கடைசி எழுத்தை முடித்து வைத்திருக்கிறது!

பச்சை மிளகாய் வரி உடைந்ததற்கும் விடை கிடைத்தது. அன்றைய விலை 28 ரூபாய். 2800 என்பது 10 தடவை 256, மீதி 240. இரண்டாவது பைட் 10. அது புது வரிக்கான குறி.

இதெல்லாம் நடக்க ஒரே காரணம், பெயரின் முடிவில் பூஜ்யம் இல்லை. சி மொழியில் ஸ்ட்ரிங் என்று தனியாக ஒரு வகை கிடையாது. வரிசையாகப் பைட்டுகள், கடைசியில் ஒரு பூஜ்யம், அவ்வளவுதான். படிக்கிறவர் பூஜ்யம் வரும்வரை படித்துக்கொண்டே போவார். எல்லை எங்கே என்று அவருக்குத் தெரியாது. அண்ணன் பெயரை ஸ்ட்ர்என்காப்பி (strncpy) என்ற நகலெடுக்கும் செயற்கூறு கொண்டு, வரம்பு 24 என்று கொடுத்து நகலெடுத்திருந்தார். பெயர் சிறிதாக இருந்தால் மிச்ச இடம் முழுவதையும் அது பூஜ்யத்தால் நிரப்பும். பெயர் 24 பைட்டோ அதற்கு மேலோ இருந்தால் 24ஐ நகலெடுத்துவிட்டுப் பூஜ்யம் போடாமல் போய்விடும்.

அது அந்தச் செயற்கூற்றின் குறை இல்லை. ஆரம்பகால யூனிக்ஸில் கோப்பகப் பதிவு ஒன்றில் கோப்பின் பெயருக்கு 14 பைட் நிலையான இடம். பெயர் சிறிதென்றால் மீதி பூஜ்யம்; சரியாக 14 என்றால் பூஜ்யம் தேவையில்லை, ஏனென்றால் படிப்பவருக்கு 14 என்று தெரியும். அந்த மாதிரி இடங்களுக்காகப் பிறந்ததை நாம் 'பாதுகாப்பான நகல்' என்று நினைத்துப் பயன்படுத்துகிறோம். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருந்தார். நானும் என் முதல் வேலையில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பூஜ்யம் இல்லாததுதான் காரணம் என்பதை உறுதி செய்தது பீட்ரூட். பீட்ரூட் எட்டுக் குறி, சரியாக 24 பைட். பெயர் ஒரு பைட்கூட வெட்டுப்படவில்லை. ஆனாலும் 40 ரூபாய்க்கு அதன் பின்னால் ஒரு கட்டம், 60 ரூபாய்க்கு ஓர் ஆங்கில 'பி' (p). 6000ஐ 256ஆல் வகுத்தால் மீதி 112. அது ஆங்கிலச் சிறிய 'பி'யின் எண்.

கருவிகள் ஏன் பிடிக்கவில்லை என்றும் பார்த்தோம். சி நிரலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றும் ஜிசிசி மென்பொருளின் 8ஆம் பதிப்பிலிருந்து (2018) இப்படி இடத்தின் முழு அளவையே வரம்பாகக் கொடுத்தால் எச்சரிக்கை வரும். இவர்களிடம் இருந்தது அதற்கு முந்தையது. கணினியில் ஓடும் சோதனை நிரலில், நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டிருந்தார்கள். அது ஒரு முழுப் பதிவின் எல்லையைத் தாண்டினால்தான் கத்தும். ஒரே பதிவுக்குள் பெயரிலிருந்து விலைக்குத் தாண்டினால் அதற்குத் தெரியாது.

முதல் திருத்தம்

காரணம் தெரிந்த அன்று மாலையே அண்ணன் ஒரு வரி சேர்த்தார்: நகலெடுத்த பிறகு 24ஆவது பைட்டில் பூஜ்யம். பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். இரண்டு கடைகளுக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

மறுநாளே நிலைமை மோசமானது. 24 மூன்றால் வகுபடும், 23 வகுபடாது. அதுவரை இடைவெளி இல்லாத நீண்ட பெயர்கள் எட்டுக் குறியோடு சுத்தமாக வெட்டுப்பட்டன. கத்தரிக்காய் 'கத்தரிக்' என்று வந்து, பின்னால் குப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். சில விலைகளில் அந்தக் குப்பை கண்ணுக்கே தெரியாது. இப்போது ஏழு குறியும் எட்டாவதன் இரண்டு பைட்டும் நின்றன. கத்தரிக்காய், வெண்டைக்காய், உருளைக்கிழங்கு என்று நீளமான பெயர் அத்தனைக்கும் கடைசியில் உடைந்த எழுத்து. பீட்ரூட்கூட 'பீட்ரூட' என்று புள்ளி இழந்து, கட்டத்தோடு வந்தது. புகார் செய்யாமலிருந்த கடைக்காரர்களும் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

அடுத்து பொறியாளர், வெட்டும் இடத்திலிருந்து பின்னோக்கி நகர்ந்து முழுக் குறியின் எல்லையில் நிறுத்தும் செயற்கூறு எழுதினார். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8ஐ வகுத்தபோதே இதற்கு வசதி செய்துவிட்டார்கள்: ஒரு குறியின் தொடர்ச்சிப் பைட் எப்போதும் 128க்கும் 191க்கும் இடையில்தான் இருக்கும், எனவே எங்கிருந்து பார்த்தாலும் எல்லை தெரியும். அவர் எழுதியது தராசில் சரியாக ஓடியது, கணினிச் சோதனையில் தோற்றது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஏஆர்எம் ஜிசிசியில், ஒரு பைட்டை வைக்கும் 'கேர்' (char) வகைக்குக் கழித்தல் எண் கிடையாது; 200 என்றால் 200. கணினியின் இன்டெல் வகைச் சில்லில் அதே வகைக்குக் கழித்தல் எண்ணும் உண்டு. 200 என்பது கழித்தல் 56 ஆகிவிடும், '128ஐவிடப் பெரியதா' என்ற கேள்விக்கு எப்போதும் இல்லை என்றே பதில். ஒப்பீட்டை விட்டு, மேல் இரண்டு பிட்டுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும்படி மாற்றினார். இரண்டிலும் ஓடியது.

கட்டங்கள் போயின. ஆனால் 'முருங்க', 'வெண்டைக', 'கத்தரிக' என்று வந்தது. குறியின் எல்லை வேறு, எழுத்தின் எல்லை வேறு. புள்ளியையோ உயிர்க்குறியையோ பிரித்து வெட்டினால் யூடிஎஃப்-8 விதிப்படி சரி, படிக்கிறவருக்குத் தப்பு. "கத்தரிகன்னா என்னங்க?" என்று ஒரு கடைக்காரர் கேட்டதற்குத் தம்பியிடம் பதில் இல்லை.

நட்சத்திரம்

இதுவரை பார்த்தது எல்லாம் பெயர்ப் பிரச்சினை. விலை மாறவில்லை, தொகை சரியாகவே வந்தது. அதனால் அவசரம் என்று யாரும் நினைக்கவில்லை. பெயரைத் தொடும் எல்லா இடங்களையும் பட்டியல் போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் சலுகைச் சாவி கண்ணில் பட்டது.

சலுகை விலையில் விற்கும் பொருளுக்குப் பெயரின் பின்னால் ஒரு நட்சத்திரம் அச்சாகும். பதிவை ஃபிளாஷிலிருந்து எடுத்து, ஸ்ட்ர்கேட் (strcat) என்ற ஒட்டும் செயற்கூறு கொண்டு பெயரின் முடிவில் ஒட்டுவார்கள். ஸ்ட்ர்கேட்டும் பூஜ்யத்தைத் தேடித்தான் ஒட்டும். பெயரில் பூஜ்யம் இல்லை. 30 ரூபாய் விலையின் 184, 11 இரண்டையும் தாண்டி மூன்றாவது பைட்டில் முதல் பூஜ்யம் கிடைக்கிறது. நட்சத்திரத்தின் எண் 42. அதை அங்கே எழுதினால் விலை 3000 பைசாவோடு 42 தடவை 65,536 கூடி 27,55,512 பைசா.

பழைய ஃபர்ம்வேர் இருந்த தராசை மேசையில் வைத்து, பீட்ரூட்டுக்கு 30 ரூபாய் போட்டு, தட்டில் ஒரு கிலோ படிக்கல்லை வைத்துச் சலுகைச் சாவியை அழுத்தினோம். 27,555 ரூபாய் 12 பைசா என்று பில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. படித்துக்கொண்டே எல்லை தாண்டியது வரை பரவாயில்லை; இங்கே எழுதவே செய்கிறது.

இவ்வளவு பெரிய தொகை வந்தால் கடைக்காரர் கவனித்துவிடுவார் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நாள் முடிவில் மொத்த வசூல் கணக்கில் அது சேர்ந்திருக்கும். நல்லவேளை, புகார் வந்த கடைகளில் யாரும் அந்தச் சாவியைப் பயன்படுத்தியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றே எல்லாக் கடைகளுக்கும் சலுகைச் சாவியை அழுத்த வேண்டாம் என்று போனில் சொல்வது என்று முடிவானது. காரணத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். விற்பனைப் பக்கம் தயங்கினார்கள். கடைசியில் 'நீளப் பெயருள்ள காய்க்கு விலை தப்பாக வர வாய்ப்புண்டு' என்ற அளவுக்குச் சொன்னார்கள்.

நிரந்தரத் திருத்தத்துக்கு மூன்று வழி இருந்தது. முதலாவது, பதிவைப் பெரிதாக்குவது. நேர்மையான வழி இதுதான். ஆனால் கடையில் இருக்கும் தராசில் பழைய பதிவுகளைப் புது வடிவத்துக்கு மாற்றும்போது மின்சாரம் போனால் விலைப் பட்டியலே அழிந்துவிடும்; ஃபிளாஷில் இரண்டு நகல் வைக்க இடமும் இல்லை. இரண்டாவது, கடைக்காரரையே சின்னப் பெயர் வைக்கச் சொல்வது. 'பெ.வெங்' என்று போடலாம். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை, எனக்கும்தான். தமிழில் பில் தருகிறோம் என்று விற்றுவிட்டுத் தமிழைச் சுருக்கச் சொல்வது சரியில்லை.

மூன்றாவது பொறியாளர் சொன்னது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் சரியாக 128. ஆங்கிலமும் எண்களும் 0 முதல் 127 வரை. அப்படியானால் தமிழின் ஒவ்வொரு குறியையும் 128 முதல் 255 வரை ஒரே பைட்டில் வைக்கலாம். மாற்றுவதும் எளிது: இரண்டாவது பைட் 174 என்றால் மூன்றாவதை அப்படியே எடு, 175 என்றால் மூன்றாவதோடு 64 கூட்டு. பெரிய வெங்காயம் 43 பைட்டிலிருந்து 15 ஆகிறது. நாட்டு முருங்கைக்காய்கூட 21. பதிவின் அளவு மாறாது.

நான் எதிர்த்தேன். 1990களின் இறுதியில் டிஸ்கி, டாப், டாம் என்று ஒவ்வொருவரும் ஒரு குறிமுறை வைத்துக்கொண்டு, ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க முடியாமல் அல்லாடியதைப் பார்த்தவன் நான். மறுபடியும் வீட்டுக் குறிமுறையா? அவர் விடவில்லை. "இது ஃபிளாஷ விட்டு வெளியே வரவே வராது சார். உள்ளே வரும்போது மாத்துறோம், வெளியே போகும்போது யூடிஎஃப்-8." அந்த நிபந்தனையை எழுதி வைத்துவிட்டு ஒத்துக்கொண்டேன். பழைய பதிவையும் புதியதையும் பிரித்தறியக் கொடிப் பைட்டில் காலியாக இருந்த ஒரு பிட்டைப் பயன்படுத்தினார்கள். பழைய பதிவென்றால் 24க்கு மேல் படிக்காதே, கடைசியில் அரைகுறைக் குறி இருந்தால் விட்டுவிடு.

கூடவே இன்னொன்று. பெயர்ப் புலத்தை நேரடியாகத் தொடும் எல்லா இடத்தையும் அழித்துவிட்டு இரண்டே செயற்கூறு வைத்தார்கள்: ஒன்று எழுத, ஒன்று படிக்க. இரண்டுக்கும் இடத்தின் அளவைக் கூடவே கொடுத்தாக வேண்டும். எழுதும் செயற்கூறு, பெயர் அடங்கவில்லை என்றால் வெட்டாது. பிழை என்று திருப்பி அனுப்பும், கணினி மென்பொருள் அந்த வரியைச் சிவப்பில் காட்டும். நட்சத்திரம் பெயரில் ஒட்டப்படாமல் அச்சிடும்போது தனியாக வரையப்படும். இந்த மாற்றத்துக்குத்தான் நாட்கள் அதிகம் பிடித்தன. நிரலில் 31 இடங்கள் இருந்தன.

பின்விளைவுகள்

பெயர்ப் புகார்கள் நின்றன. புதுப் புகார் வந்தது: பேப்பர் ரோல் சீக்கிரம் தீர்கிறதாம். முழுப் பெயரும் அச்சாவதால் நீளமான பெயர்கள் இப்போது ஒரு வரி முழுக்க எடுத்துக்கொள்கின்றன. அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர்தான். அதற்கு எழுத்தளவைக் குறைக்கும் வசதி கொடுத்தார்கள்.

ஒரு கடையில் கொத்தவரை இரண்டு தடவை வந்தது. 'கொ'வை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றேதான், பைட்டுக்கு வேறு. ஒரே பொருள் என்று தராசுக்குத் தெரியவில்லை. உள்ளே வாங்கும்போதே இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஏற்பாடு அடுத்த பதிப்பில் சேர்ந்தது.

ஆறு மாதம் கழித்துப் பாலக்காட்டிலிருந்து மலையாளத்தில் பெயர் வேண்டும் என்று ஒரு ஆர்டர். ஒரு பைட் குறிமுறையில் இடமே இல்லை. மலையாளத்துக்கும் யூனிகோடில் 128 இடம்தான் என்பதால் கொடிப் பைட்டில் இன்னொரு பிட்டை எடுத்துச் சமாளித்தார்கள். ஒரே பெயரில் இரண்டு மொழியும் வேண்டுமென்று யாரும் இன்னும் கேட்கவில்லை. நான் எதையும் சொல்லிக்காட்டவில்லை. பொறியாளரே, "சார், நீங்க அன்னைக்குச் சொன்னது இதுதானே" என்றார்.

மறுபடி செய்தால்

24ஆவது பைட்டில் பூஜ்யம் போட்ட அந்த ஒரு வரித் திருத்தத்தை நான் அனுப்ப விட்டிருக்கக் கூடாது. எந்தெந்தப் பெயர் எத்தனை பைட் என்று ஐந்து நிமிடம் எண்ணியிருந்தால் 23 மூன்றால் வகுபடாது என்பது கண்ணில் பட்டிருக்கும். எண்ணாமல் தலையாட்டினேன்.

முதல் புகார் வந்த நாளிலேயே பெயரை எழுதும் இடங்களைத் தேடியிருக்க வேண்டும். விலை சரியாக வருகிறது என்ற தெம்பில், படிக்கும் பக்கத்தை மட்டும் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சலுகைச் சாவி அதுவரை அப்படியே கிடந்தது.

சேவைப் பிரிவின் படிவத்தில் 'எழுத்துப் பிழை' என்ற வகையை எடுத்துவிட்டார்கள். இப்போது அச்சான பில்லைப் படம் பிடித்து அனுப்பினால்தான் புகார் பதிவாகும். அடுத்த மாடலில் பதிவு 128 பைட், பெயர் யூடிஎஃப்-8, நீளம் தனி எண்ணாக முன்னால். அதன் சோதனைப் பட்டியலில் தக்காளி இல்லை. முதல் வரியில் பீட்ரூட், 30 ரூபாய், சலுகையோடு. பழைய தராசுகளில் சில இன்னும் புது ஃபர்ம்வேர் ஏற்றாமலே ஓடுகின்றன. சேவைக்குப் போகும்போது தம்பி அவற்றின் சலுகைச் சாவி மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருகிறார்.